படைத்தவன் இல்லாத முகவுரை

1776-இல் ஜெஃபர்சன் வரைந்த அமெரிக்க விடுதலைப் பிரகடனம், மனித உரிமைகளைப் படைத்தவன் தந்ததாகச் சொன்னது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்திலோ கடவுளிடம் வேண்டுதல் இல்லை. பதவிக்கு மதத் தகுதி கேட்கவும் கூடாது.

சாசனத்தில் கடவுளுக்கு இடம் உண்டா? 1949 அக்டோபர் 17 அன்று டெல்லியில், இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் அதே கேள்வி. முகவுரை 'கடவுளின் பெயரால்' தொடங்கட்டும் என்றார் உறுப்பினர் எச்.வி. காமத். நம்பிக்கையைக் கட்டாயமாக்குவதா என்று பட்டம் தாணு பிள்ளை எதிர்த்தார். 41-க்கு 68 என்று திருத்தம் தோற்றது.

தமிழ்நாட்டின் ஆரணிப் பக்கத்துக்கு இந்தக் கேள்வி வெறும் ஏட்டு விவாதமல்ல. பட்டுத்தறி ஊரான ஆரணியை ஒட்டிய பூண்டியில் சமணக் கோயில் இருக்கிறது; திருமலையில் சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையாக நிற்கிறார். இங்குள்ள தமிழ்ச் சமணர்கள் நேமிநாதர் போன்ற தீர்த்தங்கரர்களை, தங்கள் சமய வழிகாட்டிகளை, வணங்குவார்கள். உலகைப் படைத்த ஒருவனை அவர்கள் சமயம் ஏற்பதில்லை. அவரவர் வினையே அவரவர் வாழ்வு. ஜெஃபர்சனின் வாதம் இவர்களிடம் எடுபடாது. ஆனால் எல்லா உயிரும் இயல்பில் நிகர் என்பது இவர்கள் கொள்கை. அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சனுக்கு அதுதான் கடினமான பாடமாக இருந்திருக்கும்.