பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறினால் செபுத்தே, மிட்வேலி, அடுத்தது கேஎல் சென்ட்ரல். சில மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அவ்வளவுதான். இறங்கி நடந்து, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அஞ்சடியில் உட்காருவேன். ஒரு தே தாரிக், ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம். கைப்பேசி பைக்குள் இருக்கும். போகிற வருகிற ஆட்களைப் பார்ப்பது மட்டுமே வேலை.

கோலாலம்பூரின் சதுக்கம் என்றால் டத்தாரான் மெர்டேக்காதான். 1957இல் பிரிட்டிஷ் கொடி இறங்கிய திடல். ஆனால் பகல் வெயிலில் அங்கே யார் உட்காருவார்? நிழலும் தேநீரும் இருக்கும் அஞ்சடிதான் நமக்குச் சதுக்கம்.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோடியாக நான் நினைத்துக்கொண்டது ழார்ழ் பெரெக் என்ற பிரெஞ்சு எழுத்தாளரை. 1974 அக்டோபரில் மூன்று நாள் பாரிசின் ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து, போன பேருந்து, பறந்த புறா, நடந்த ஆட்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போட்டவர். யாரையும் தொந்தரவு செய்யாமல், எதையும் தீர்ப்பிடாமல் பார்ப்பது. அதுதான் உயர்ந்த கவனம் என்று நம்பியிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் அந்த நம்பிக்கைக்கு ஒரு சிக்கல் உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இங்கேதான். பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகளும் இங்கே அதிகம். நடைபாதைகளில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் கோடுகள் அவர்களுக்காகப் போட்டவை. அதாவது, நான் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலரால் என்னைத் திருப்பிப் பார்க்க முடியாது.

ஒரு ஞாயிறு நோட்டில் எழுதினேன்: '9.40. மஞ்சள் கோட்டின் குறுக்கே மோட்டார் சைக்கிள். நீலம். கண்ணாடியில் ஹெல்மெட் தொங்குகிறது.' நல்ல வரி என்று தோன்றியது. பத்து நிமிடத்தில் வெள்ளைக் கோலோடு ஒரு பெரியவர் அந்தக் கோட்டிலேயே வந்தார். நான் மறுபடி பேனாவை எடுத்தேன். கோல் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நுழைந்துவிட்டது. ஹேண்டில் அவர் விலாவில் இடித்தது.

ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"பரவால்ல தம்பி. எப்பவும் ஒண்ணு நிக்கும். யாராச்சும் பாத்துச் சொன்னா சுத்திப் போயிடுவேன்." விலாவைத் தடவிக்கொண்டே கேட்டார், "நீங்க இப்பதான் வந்தீங்களா?"

"ஆமா அங்கிள்," என்றேன்.

அந்தப் பொய்தான் இன்றும் உறுத்துகிறது. பார்க்காமல் விட்டவனை மன்னித்துவிடலாம். நான் பார்த்திருந்தேன். நிறம்கூட எழுதி வைத்திருந்தேன்.

அதற்காக, பார்க்கிறவன் எல்லாவற்றிலும் தலையிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 2010இல் கொமுட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி வந்தது. ஆண்களின் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பெட்டி, அந்தத் தொல்லையில் பார்வையும் உண்டு. அங்கே நான் செய்யக்கூடிய மரியாதை கண்ணைத் திருப்பிக்கொள்வது. ஒருவருக்கு நம் பார்வை தேவையா, பாரமா என்பதைக் கண்டுபிடிப்பதும் கவனத்தின் பகுதிதான். பட்டியல் போடுகிறவன் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. பார்க்கப்படுகிறவர் அவனுக்கு ஒரு வரி, அவ்வளவே.

நம் வீடுகளில் வேறு மாதிரி பேசுவோம். "தம்பிய பாத்துக்க" என்று அம்மா சொன்னால், உட்கார்ந்து வேடிக்கை பார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "நல்லா கவனிச்சாங்க" என்றால் உற்றுப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. பேச்சில் சேர்ந்தே இருந்த இரண்டையும் நான்தான் நோட்டைக் கையில் எடுத்தபோது பிரித்துவிட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எழுதுகிறேன். ஆனால் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்து மேசையில் உட்காருகிறேன். வண்டியை நிறுத்த வருகிறவரிடம், "அண்ணே, இங்க வேணாம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். சிலர் முறைப்பார்கள். அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், அன்றைக்கு நான் இப்போதுதான் வரவில்லை என்று சொல்ல வேண்டும். இன்னும் பார்க்கவில்லை.