சின்னண்ணன்

தாய்லாந்தின் காஞ்சனபுரி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், இரண்டாம் உலகப் போர்க் கல்லறைக்கு. ஒட்ட வெட்டிய புல், தாழ்வான கற்கள், இடையிடையே பூச்செடிகள். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள் என்று ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள். கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சிலவற்றின் அடியில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி. அப்படியொன்றைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ.

சற்று நேரத்தில் அந்தக் கண்ணீர்மீதே எரிச்சல் வந்தது. நான் வந்தது பாட்டியின் அண்ணனைத் தேடி. "சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனானுங்க" என்பார் பாட்டி. மலாயாவின் பேராக்கில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் செத்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் அதில் ஏராளம். எண்ணி வைத்தவர் இல்லை. இந்தப் புல்வெளியில் அவர்களுக்குக் கல்லும் இல்லை.

காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 கைதிகளின் சாம்பல் இங்கே இரண்டு குழிகளில் இருக்கிறது. அவர்கள் பெயர்கூட மண்டபத்தில் பொறித்திருக்கிறது. நினைவிடத்தில் வரும் அழுகையில் பாதி, அதை அமைத்தவரின் கைவேலை. வரிசை, அமைதி, 22 என்கிற வயது எல்லாம் சேர்ந்து நம்மை அழவைக்கின்றன. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வாய்க்காததைச் சொல்கிறேன். நான் தேடி வந்த தாத்தாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாட்டிக்குக் கடைசிவரை அவர் "சின்னண்ணன்"தான். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆனால் நம் ஊர் ஒப்பாரியிலும் உறவுமுறையைச் சொல்லித்தானே அழுகிறார்கள்? கல்லுக்குத்தான் பெயர் வேண்டும். அழுகிறவளுக்கு அண்ணன் என்றாலே போதும். பாட்டி மாரடித்து அழுததை நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குப் படைக்கும்போது இலையில் ஒரு வெற்றிலைச் சுருள் கூடுதலாக இருக்கும்; அவ்வளவுதான்.

மதியம் அதே பாதையில் நாம்டோக் போகும் ரயிலில் ஏறினேன். மலைச்சரிவை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்தது. எல்லோரும் தலையை நீட்டிப் படமெடுத்தார்கள். "தாத்தா" என்று சொல்லிப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்திலிருந்த தாய்லாந்துப் பெண் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.