காணாததைச் சொல்வது

கண்ணால் காணாத ஒன்றை ‘இருக்கிறது’ என்று சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டா? புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம் என்று தர்க்க சாஸ்திரம் அனுமதி கொடுத்திருக்கிறது. அந்த அனுமதியை யார், எப்படி உபயோகிக்கிறார்கள் என்பதில்தான் சங்கடம்.

நுங்கம்பாக்கத்தில் கம்பெனியார் நடத்திய வானாராய்ச்சிக் கூடத்துக்குக் காப்டன் ஜேக்கப் தலைவராக இருந்தார். ‘70 ஒபியூகி’ என்பது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நக்ஷத்திரம். நமக்குச் சுமார் 17 ஒளியாண்டு தூரம். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து அவை சற்று விலகியிருப்பதாக அவருக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுப்பதால் இப்படி ஆகலாம் என்று 1855-இல் எழுதினார்.

இந்த வித்தை கூத்தாநல்லூருக்குப் புதிதல்ல. ஆண்கள் கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கும் ஊர். என் சிறு வயதில், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் ஒருவரைச் சுற்றியே வீடு முழுவதும் இயங்குவதைப் பார்த்திருக்கிறேன். நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பதும், ஓடு மாற்றுவதும் அவர் கடிதத்தைப் பொறுத்துத்தான். வீட்டின் அசைவை வைத்தே அவர் இருப்பைச் சொல்லிவிடலாம்.

ஆனால் இரண்டு மாசம் கடிதம் வராவிட்டால், ‘அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டுவிட்டான்’ என்று தெரு தீர்ப்பளித்துவிடும். அதுவும் அனுமானந்தானே? பின் பேதம் என்ன?

ஜேக்கப் சத்தியம் பண்ணவில்லை, இருக்கக்கூடும் என்றார். தம் பெயரைப் போட்டு, கணக்கையும் எல்லோர் முன்னிலும் வைத்தார். பிற்பாடு அமெரிக்காவில் ஸீ என்பவர் அதே நக்ஷத்திரத்துக்கு ஓர் இருட்டுத் துணையைக் கற்பித்தபோது, அப்படி ஒன்று நிலைத்திருக்க முடியாது என்று 1899-இல் மௌல்டன் கணக்குப் போட்டே காட்டினார். அங்கே இன்றுவரை கிரகம் ஏதும் உறுதிப்படவில்லை. ஆனால் நக்ஷத்திரத்தின் ஆட்டத்தைக் கொண்டு காணாததைக் கண்டுபிடிக்கும் வழி பொய்யாகவில்லை. 1995-இல் மேயரும் கெலோவும் ‘51 பெகாஸி’யின் ஆட்டத்திலிருந்துதான் அதன் கிரகத்தைப் பிடித்தார்கள்; 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று பலவித முறைகளால் தெரிய வந்த வெளிக் கிரகங்கள் 5,000-க்கு மேல்.

தெருவின் அனுமானத்தில் கணக்கு இல்லை. சொன்னவர் பெயரும் இல்லை. எதை எடுத்து மறுப்பது? மூன்றாம் மாசம் கடிதம் வந்துவிட்டாலும் யாரும் தீர்ப்பை வாபஸ் வாங்குவதில்லை. அந்தப் பெண்தான் வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வாள்.

காணாததைச் சொல்லலாம். ஆனால் தன்னைப் பொய்யென்று நிரூபிக்கும் வழியையும் கூடவே கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். 17 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் நக்ஷத்திரத்துக்குக் கிடைத்த அந்த நியாயம், நாலாவது வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டாமா?