சேலை வந்தது, பதில் வரவில்லை

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து போகும். சிரட்டையில் விழுந்ததையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். வெட்டு இல்லாத நாளில் பேரும் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. இலங்கையில் எங்கள் எஹலியகொடப் பக்கம் மழைக்குக் குறைவே கிடையாது என்பதால், கூலியில்லாத காலைகள் எங்கள் ஆட்களுக்கு நிறையவே வாய்த்தன. எழுத்துத் தெரிந்த ஒருவர் புத்தகத்தை எடுப்பார், மற்றவர்கள் இஸ்தோப்பில் வந்து குந்துவார்கள். எங்களிடம் இருக்கும் வாசிப்புப் பழக்கம் அங்கே பிறந்ததுதான். இப்போது அது பௌர்ணமிப் போயா தினத்துக்கு மாறியிருக்கிறது. இஸ்தோப்பும் பிளேன்டீயும் மாறவில்லை.

கூடுகிறவர்கள் சிலர்தான். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். முன்பள்ளி டீச்சர் ஒருவர் வருவார். மாணிக்கக் குழியில் வேலை செய்யும் தம்பி ஒருவர். பகலில் சேறு, இரவில் புத்தகம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற சிங்கள மாத்தயா எங்களைப் போலவே தமிழ் பேசுவார், எழுத்தைத்தான் கூட்டிக் கூட்டி வாசிப்பார். பிறகு அம்மாயி. அவருக்கு எழுத்தே தெரியாது. ஆயுளில் பெரும்பகுதி பால் வெட்டியவர். வலது பெருவிரலின் ஓரத்தில் கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் கறுத்துக் கிடக்கிறது. ஆனால் பாரதம் எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் பாடம். அவருடைய அப்பா அல்லியரசாணி மாலையையும் பவளக்கொடி மாலையையும் பெரிய எழுத்துப் புத்தகத்தில் ராகம் போட்டு வாசிப்பாராம்.

புத்தகம் வாசிக்கத் தெரியாதவருக்கு வாசகர் வட்டத்தில் என்ன வேலை என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். திருக்குறளில் 41ஆம் அதிகாரம் கல்லாமை, 42ஆம் அதிகாரம் கேள்வி. கல்லாதவனைக் கண்டித்த கையோடு, கேட்டாவது தெரிந்துகொள் என்று அவனுக்கு வழிவிடுகிறார் வள்ளுவர். சைவ சித்தாந்தமும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்றுதான் படி வைக்கிறது. முதற்படியில் ஏடு இல்லை, காதுதான் இருக்கிறது.

இங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பது லேசான காரியமல்ல. கொழும்பு செட்டியார் தெருவுக்கு யாராவது போனால் பூபாலசிங்கத்தில் ஒன்றிரண்டு வாங்கி வருவார்கள். ஒரு பிரதி எல்லா வீட்டுக்கும் சுற்றும். அண்மையில் சுற்றிய மூன்று புத்தகங்களும் தற்செயலாகப் பாரதத்தைப் பற்றியவை. தம்பி வாசித்தது ராஜாஜி கல்கியில் எழுதிய ‘வியாசர் விருந்து’. நான் எஸ். ராமகிருஷ்ணனின் ‘உப பாண்டவ’த்தை இரண்டாம் தடவையாக எடுத்தேன். டீச்சர் கையில் ஐராவதி கார்வேயின் ‘யுகாந்தா’. 1967இல் மராத்தியில் வந்து சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். அவர் வாசித்தது ஆங்கிலப் பதிப்பு. சண்டையைத் தொடங்கி வைத்ததும் அதுதான்.

சபையில் பாஞ்சாலி கேட்ட கேள்வி எல்லோருக்கும் தெரியும். தம்பிமாரை வைத்துத் தோற்ற தருமன், தன்னை வைத்துத் தோற்று, கடைசியாக அவளை வைத்தான். அழைக்க வந்த தேர்ப்பாகனை அவள் திருப்பி அனுப்புகிறாள்: முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று அவரிடம் கேட்டுவா. தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதுதான் அதன் உட்பொருள். தருமன் வாய் திறக்கவில்லை. தருமத்தின் போக்கு நுட்பமானது, என்னால் முடிவு சொல்ல முடியாது என்று நழுவினார் பீஷ்மர். கௌரவரில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து, இவள் வெல்லப்படவில்லை என்று காரணத்தோடு சொன்னான். அவனைக் கர்ணன் அடக்கிவிட்டான்.

கார்வே இந்த இடத்தில் பாஞ்சாலியைக் கடிந்துகொள்கிறார். மானம் போகிற நேரத்தில் சட்ட நுணுக்கம் பேசிப் பண்டிதை போல் நின்றது தவறு. மனிதத் தன்மையைக் கேட்டு அழுதிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. டீச்சருக்கு அது சரியாகப் பட்டது. “ஆத்திரத்துல நிக்கிறவங்ககிட்ட லா பேசி என்ன பிரயோசனம் சேர்?” என்றார். தம்பி வேறு வழியால் அதே இடத்துக்கு வந்தார். கேள்வி கேட்டவரைக்கும் உதவி வரவில்லை, இரண்டு கையையும் தூக்கிக் கண்ணா என்றதும் சேலை வந்தது. ஆகவே அறிவு தோற்ற இடத்தில் பக்தி வென்றது என்றார். கோயில் பிரசங்கங்களில் சின்ன வயதிலிருந்து நாங்கள் கேட்டு வளர்ந்ததும் இதைத்தான்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சேலை வளர்ந்த பிறகும் அவள் பேசுகிறாள் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வியாச பாரதத்தின் சபா பருவத்தில் துச்சாதனன் களைத்து உட்கார்ந்த பின், நான் வெல்லப்பட்டவளா இல்லையா என்று அவள் திரும்பவும் சபையைக் கேட்கிறாள். அருள் கிடைத்ததும் திருப்தியாகி உட்கார்ந்துவிடவில்லை. சரணாகதியோடு கேள்வி முடிந்துவிட்டதென்றால் அந்த இரண்டாவது பேச்சு எதற்கு?

இன்னொரு சங்கதி. புனே பண்டார்கர் நிறுவனத்தார் 1919 முதல் 1966 வரை நாடெங்குமுள்ள சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்துக்கு ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார்கள். சபா பருவத்தைப் பதிப்பித்த எட்ஜர்டன், கண்ணனை அவள் கூவி அழைக்கும் பகுதியைப் பிற்சேர்க்கை என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார். அவருடைய மூலத்தில் சேலை வருகிறது; கண்ணனை அழைத்ததால் வந்தது என்று இல்லை. இதைச் சொன்னதும் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. கண்ணனை எடுத்துவிட்டால் பாரதத்தில் என்ன மிச்சம் என்று கேட்டார். கண்ணனை எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அவன் சேலை கொடுத்தான் என்பதற்காகச் சபையிலிருந்த பெரியவர்களின் கடன் தீர்ந்துவிடாது என்பதுதான் என் வாதம்.

விதுரர் அந்த இடத்தில் பிரகலாதன் கதை ஒன்றைச் சொல்கிறார். தருமம் தெரிந்தவன் சபையில் இருந்துகொண்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், பொய் சொன்னவனுடைய பாவத்தில் பாதி அவனுக்கு வந்து சேரும் என்கிறார். இதை நான் வாசித்ததும் அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாயி நிமிர்ந்தார். “பாதியா? அப்ப பீஷ்மருக்கு அரைப்பேருன்னு சொல்லு மாஸ்டர்!” தோட்டத்தில் காலையில் வந்து பாதியில் வேலை நின்றால் கங்காணி போடுவது அரைப்பேர். பாட்டனார் பாவக் கணக்கிலும் முழுப்பேர் வாங்கவில்லை! மாத்தயா சிரித்ததில் பிளேன்டீ புரையேறிவிட்டது.

அந்த மாத்தயாதான் பேச்சை இன்னொரு பக்கம் திருப்பினார். வெஸ்ஸந்தர ஜாதகம் என்ற பௌத்தக் கதையை அவர் சின்ன வயதில் பன்சலையில் கேட்டவர். தானத்தில் சிறந்த வெஸ்ஸந்தர இளவரசன் கேட்டவனுக்குத் தன் இரண்டு பிள்ளைகளையும் கொடுக்கிறான், பிறகு மனைவி மத்தியையும் கொடுக்கிறான். பிள்ளைகள் பயந்து தாமரைக் குளத்தில் ஒளிந்துகொள்வதை அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “பிள்ளைகள்ட்ட கேட்டாரா? இல்லை. தானம் பெருசுதான், ஆனா யாருட சாமானைக் குடுத்தாரு?” மிலிந்த மன்னன் நாகசேனரிடம் இதைக் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கேட்டிருக்கிறான், பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் இருக்கிறது. நாகசேனர் பெரிய தானத்தின் மகிமையைச் சொல்லிச் சமாதானப்படுத்துகிறார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை, மாத்தயாவுக்கும் போதவில்லை. நம் அரிச்சந்திரனும் வாய்மைக்காக மனைவியை விற்றவன்தானே. தருமன் சூதுக்கு, வெஸ்ஸந்தரன் தானத்துக்கு, அரிச்சந்திரன் சத்தியத்துக்கு. விலை கொடுத்தது மட்டும் எப்போதும் பக்கத்தில் நின்றவர்கள்.

நல்லவன் தன் அறத்துக்காகப் பிறரைக் கொடுக்கலாமா? சமய நூல்களைப் புரட்டினால் கொடுத்தவனின் புகழ் நிறைய வருகிறது. கொடுக்கப்பட்டவரை ஒருவரும் வாய் திறக்க விடுவதில்லை. பாரதம் விட்டது. அதனால்தான் அந்த ஒரு காட்சிக்காகவே அதை மற்ற நூல்களுக்கு மேலே வைக்கிறேன்.

அம்மாயிக்கு இதெல்லாம் ஏட்டுக் கேள்வி அல்ல. அவருடைய பாட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது. குடும்பத்தின் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, அந்தக் கடனை அடைக்கிற இன்னொரு துரைக்குச் சீட்டோடு ஆளும் கைமாறுவார். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 975,000 பேர்; அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாயியின் அக்கா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது. அம்மாயி இங்கே நின்றுவிட்டார்.

“எங்கள வச்சு ஆடுனவுகளுக்கு அந்த ரைட்ட யாரு குடுத்தது? அவ கேட்டது அதுதானே, மாஸ்டர்?” என்றார். கார்வேயை மறுப்பதற்கு நான் இரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். டீச்சர் தன் கட்சியை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி சரிதான் அம்மாயி, கேட்ட இடம்தான் பிழை என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேட்டதால் பாஞ்சாலிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை.

பிறகு திருதராட்டிரன் பயந்துபோய் வரம் கொடுக்கும் கட்டத்துக்கு வந்தோம். முதல் வரத்தில் தருமனின் விடுதலையைக் கேட்கிறாள். இரண்டாவதில் மற்ற நால்வரையும் ஆயுதங்களோடு கேட்கிறாள். மூன்றாவது வரம் வேண்டாம் என்றுவிடுகிறாள். இந்தப் பகுதியை எத்தனையோ தரம் வகுப்பில் நான் படிப்பித்திருக்கிறேன். பேராசையில்லாத பெண் என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். அம்மாயி காதில் விழுந்தது வேறு. “தன்னை விடச் சொல்லிக் கேக்கலியே, பாத்தீங்களா? அவ எங்க அடிமையானா, கேக்குறதுக்கு?”

பாரத ஆராய்ச்சிக்காரர்கள் இதை எங்காவது எழுதியிருக்கவும் கூடும். எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது, எழுத்துத் தெரியாதவர் வாயால். புருஷன்மாருக்கு விடுதலை கேட்டவள் தனக்குக் கேட்கவில்லை. கேட்டால் தான் வெல்லப்பட்டவள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சபை சொல்லாத தீர்ப்பை அவளே சொல்லிக்கொண்டாள்.

அருளையும் நியாயத்தையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்பதுதான் என் அபிப்பிராயம். அருள் அடிமைக்கும் கிடைக்கும். நல்ல துரை வந்தால் தோட்டத்தில் கூடக் கிடைத்திருக்கிறது. நியாயம் கிடைப்பதற்கு எதிரே நிற்பவரை ஒரு ஆளாக மதித்துப் பதில் சொல்ல வேண்டும். 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் வந்து, மிச்சமிருந்த எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது. வழங்கியதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அடையாள அட்டை கையில் வந்த அன்று லயத்தில் பாயாசம் வைத்தவர்கள் உண்டு. அதற்கு முன்னால் எங்களைப் பிரித்துக்கொண்டது எந்த நியாயத்தில் என்பதற்கு இன்றுவரை இரண்டு நாட்டிலும் பதில் சொன்னவர் இல்லை.

கடவுளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பியும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். வியாசர் விருந்தை முடித்துவிட்டு இப்போது உப பாண்டவத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதையம்மனுக்கு நேர்ந்து சனம் தீ மிதிக்கிறது. பீஷ்மருக்காக யாரும் நெருப்பில் இறங்கியதாக நான் கேள்விப்படவில்லை. கேள்வி கேட்டவளைத் தெய்வமாக்கிய மக்களுக்குக் கேள்வி கேட்பது பக்திக்கு விரோதம் என்று பிரசங்கம் செய்வது வீண்.

உங்கள் ஊர்க் கோயிலில் பாரதம் படிக்கிறீர்கள் என்றால் ஒரு விண்ணப்பம். துகிலுரியும் கட்டத்தில் சேலை வந்ததும் அரோகரா சொல்லி ஏட்டை மூடிவிடாதீர்கள். ம. வீ. இராமானுஜாசாரியாரின் கும்பகோணப் பதிப்பையோ, கைக்குக் கிடைக்கும் வேறொரு முழு மொழிபெயர்ப்பையோ எடுத்து, அதற்குப் பின் அவள் பேசுவதையும் சேர்த்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் எழுத்துத் தெரியாதவர்களிடம் முதலில் அபிப்பிராயம் கேளுங்கள்.