பாடியவர் உரிமையும் கேட்போர் ஏக்கமும்

பாட்டு என்பது பிறந்த இடத்திலேயே மறைந்துபோகும் இயல்புடையது. கல்லில் வடித்த சிலை நூற்றாண்டுகள் நிற்கும். ஏட்டில் எழுதிய செய்யுள் செல்லரிக்கும்வரை இருக்கும். பாடகர் வாயைவிட்டு வெளிவந்த இசையோ மறுகணம் இல்லை. 1877இல் எடிசன் ஒலியைப் பதிந்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியை அமைக்கும்வரை மனிதகுலம் முழுமைக்கும் இதுவே விதியாயிருந்தது. பொறி வந்தது, விதி மாறிற்று, கூடவே, அதுவரை எவருக்கும் எழ வாய்ப்பில்லாத ஓர் அறக்கேள்வியும் வந்து சேர்ந்தது. ஓர் இரவில், ஓர் அரங்கில், அங்குக் கூடியிருந்தோருக்காக மட்டும் பாடப்பட்ட பாட்டை நாடாவில் பிடித்து, முப்பது நாற்பது ஆண்டுகள் பெட்டியில் அடைத்து வைத்துப் பின்னொரு நாள் உலகுக்கு வெளியிட்டால், அந்தப் பாட்டு யாருடையது? இத்தனை காலம் மறைத்து வைத்தது தவறா, இப்போது வெளியிட்டது தவறா?

இராஜபாளையத்திலும், அங்கிருந்து அரைமணிப் பேருந்துப் பயணத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இசை அன்பர்கள் சிலரோடு அமர்ந்து உரையாடும் வாய்ப்பு நமக்கு அவ்வப்போது கிட்டுவதுண்டு. பஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வணிகர்கள் எனப் பலதிறத்தார். மூத்தவர்கள் கருநாடக இசையிலேயே ஊறியவர்கள். அவர்தம் பிள்ளைகளோ கல்லூரி விடுதிகளில் மேனாட்டு ராக் இசைக்குச் செவிகொடுத்து வளர்ந்தவர்கள். ஒருவர் இசையை மற்றவர் இசையென்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் இரு சாராரும் ஒரே ஆர்வத்தோடு பேசும் பொருள் ஒன்று உண்டு. அது, வெளிவராத கச்சேரி.

இளையவர்கள் முதலில் எடுத்து வைக்கும் சான்று பாப் டிலனுடையது. 1966 மே 17ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஃப்ரீ டிரேட் அரங்கில் அவர் பாடினார். முற்பகுதியில் தனியே கிட்டாருடன் நாட்டுப்பாடல் பாணியில் பாடியவர், பிற்பகுதியில் மின்கிட்டார்களும் முரசுகளும் முழங்க ஒரு குழுவோடு மேடையேறினார். பழைய பாணியை நேசித்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை நோக்கி 'யூதாஸ்' என்று உரக்கக் கூவினார். ஒரு பாடகர் தம் இசைக்கருவியை மாற்றிக்கொண்டதற்கு, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் பெயர்! இரசிகரின் அன்பு எவ்வளவு எளிதில் ஆட்சியாக மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாம் அறிந்ததில்லை.

அந்த நிகழ்ச்சியை இசைத்தட்டு நிறுவனமே பதிவு செய்திருந்தது, ஆனால் வெளியிடவில்லை. 1970ஐ ஒட்டி அதன் கள்ளப் பிரதிகள் புறப்பட்டன. அவற்றின் உறையில் இலண்டன் இராயல் ஆல்பர்ட் அரங்கக் கச்சேரி என்று அச்சாகியிருந்தது. மான்செஸ்டரில் பாடியது இலண்டன் பெயரில் உலகெங்கும் உலவிற்று. இரசிகர்களே பாடல் வரிசையையும் கூச்சலையும் ஒப்பிட்டு ஆராய்ந்து பிழையைக் கண்டறிந்தார்கள். முறையான வெளியீடு 1998இல்தான் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுத் தாமதம். அப்போதும் அந்தத் தவறான பெயரையே மேற்கோள் குறிக்குள் வைத்து அச்சிட்டார்கள்! பிழையும் நாளடைவில் மரபாகிவிடும்போலும்.

மூத்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். அவர்களுக்கு மதுரை மணி ஐயர் இருக்கிறார். 1912இல் பிறந்து 1968இல் மறைந்த அப்பெருமகனார் 1959இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். தமிழகத்தின் தெருக்களில் நின்றும் அமர்ந்தும் கேட்ட எளிய மக்களின் பாடகர் அவர். அவருடைய புகழுக்கும் அவர் வாழ்நாளில் கடைகளில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை. தட்டுகள் மிகச் சில. இன்று நாம் கேட்கும் மணி ஐயர், பெரும்பாலும் அன்பர்கள் சபாக்களிலும் திருமண வீடுகளிலும் கோவில் விழாக்களிலும் ஸ்பூல் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சென்று பிடித்து வைத்த மணி ஐயரே. ஸ்பூலிலிருந்து ஸ்பூலுக்கும், பின் ஒலிப்பேழைக்கும், அதன்பின் குறுந்தகட்டுக்குமாகக் கை மாறி வந்த குரல் அது. தட்டின் சில நிமிட அளவுக்குள் அடங்காத நிரவலும் சுரமும் அந்த நாடாக்களில்தாம் உயிரோடிருக்கின்றன. முறையான வெளியீடுகள் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தன. வானொலி நிலையமும் தன் காப்பகத்துப் பழைய பதிவுகளைக் குறுந்தகடுகளாக வெளியிடத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான்.

எனவே நம் இசை வரலாற்றின் ஒரு பெரும்பகுதி, கண்டிப்பாகச் சொன்னால், எவருடைய ஒப்புதலும் எழுத்தில் பெறாமல் எடுத்த பிரதிகளால் காப்பாற்றப்பட்டிருக்கிறது. நன்றிக்கும் நெருடலுக்கும் ஒருங்கே உரிய உண்மை இது.

ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாடாக் கதை உண்டு. இவ்விரு ஊர்களிலும் உண்டு. பெரிய வித்துவான் ஒருவர் அறுபதுகளில் வந்து பாடிய கச்சேரி, யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில் நாடாவாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். கேட்டவர்கள் எவருமில்லை, கேட்டவரைக் கண்டவர்கள் உண்டு. வீட்டார் தர மறுக்கிறார்களாம். அன்று வித்துவானுக்குக் காய்ச்சல், மேல் பஞ்சமத்தில் குரல் உடைந்தது, அது வெளியே போனால் அவருக்குக் குறைவு என்று அவர்கள் கருதுகிறார்களாம். இக்கதை மெய்யோ பொய்யோ, அதை ஒட்டி எழும் வாதம் மெய்யானது.

ஒரு சாரார் சொல்வது: கலைஞர் ஊருக்குப் பாடினார், ஊரார் சொத்தை ஒரு வீட்டார் பூட்டி வைப்பது முறையன்று. நாடாவோ நாளுக்கு நாள் அழிகிறது. பழைய அசெட்டேட் நாடா புளிக்காடி வாடை வீசத் தொடங்கிச் சுருங்கி நொறுங்கும். பின்னாளில் வந்த நாடாக்கள் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்து நிற்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். அவற்றை மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்தெடுத்தால்தான் ஒருமுறையேனும் ஒலிக்கும். வெயிலும் மேற்குமலைச் சாரலும் மாறி மாறி வரும் இவ்வூர்களின் பீரோவில் அறுபது ஆண்டு என்பது நாடாவுக்கு நீண்ட ஆயுள். காப்பாற்றுகிறேன் என்று பூட்டியவரே அழிப்பவராகிறார் என்பது இவர்கள் வாதம்.

மறுசாரார் கேட்பது: அவர் பாடியது அன்று வந்திருந்தோருக்கு. தம் முன்னே அமர்ந்திருப்பவர்கள் யாரென்று பார்த்து, அவர்கள் மன்னிப்பார்கள் என்ற நம்பிக்கையில் துணிந்து பாடினார். அறிமுகமற்ற ஆயிரம்பேர் நாற்பது ஆண்டு கழித்து எடைபோடுவார்கள் என்று அறிந்திருந்தால் அப்படிப் பாடியிருப்பாரா?

இந்த இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டபோது பாட்டை இயற்றியவருக்கும் ஒலிப்பதிவு செய்தவருக்கும் உரிமை தந்தது. பாடியவருக்கென்று ஒன்றும் தரவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றைச் சேர்த்தது. முதலில் 25 ஆண்டு என்றிருந்த அவ்வுரிமை 1999இல் 50 ஆண்டாக நீண்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி சென்று, தம் பெயருக்கு இழுக்கு வரும்படி தம் நிகழ்ச்சியைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் கலைஞருக்கு அளித்தது. குரல் ஒரு மனிதரின் மதிப்போடு ஒட்டியது என்பதைச் சட்டம் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அறுபதுகளில் பாடியவர்களை இது எட்டுமா என்பது வழக்கறிஞர்கள் பேச வேண்டியது. நமக்கு வேண்டியது சட்டம் மௌனமாயிருந்த நாளிலும் இருந்த கடமை.

காவலரின் தடையை மீறிக் கேட்போர் ஏக்கம் வென்ற கதை நம் திருச்சபை வரலாற்றிலேயே இருக்கிறது. உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் புனித வார வழிபாட்டில் 51ஆம் திருப்பாடலுக்கு அல்லேக்ரி அமைத்த இசை பாடப்பட்டு வந்தது. அதன் பிரதி வெளியே போகாதபடி காத்தார்கள். நகலெடுப்போர் திருச்சபைக்குப் புறம்பாவர் என்றே அந்நாளில் பேச்சு. 1770இல் பதினான்கு வயதுச் சிறுவன் மோட்சார்ட் தந்தையோடு அங்குச் சென்று, கேட்டு, விடுதிக்குத் திரும்பி நினைவிலிருந்தே எழுதிவிட்டான். அதே ஆண்டு திருத்தந்தை பதினான்காம் கிளமென்ட் அச்சிறுவனுக்குப் பொற்குதிமுள் விருது அளித்தார். அடுத்த ஆண்டு அவ்விசை இலண்டனில் அச்சாயிற்று. அதனால் வழிபாட்டின் மாண்பு குன்றிவிடவில்லை. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அல்லேக்ரி 1652இலேயே மறைந்தவர். தடை போட்டவர் அவரல்லர், காவலர்கள். படைத்தவர் 'வேண்டாம்' என்பதும் வைத்திருப்பவர் 'தரமாட்டேன்' என்பதும் ஒன்றல்ல.

படைத்தவரே வேண்டாம் என்றால்? அதுதான் கடினமான இடம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி அரீத்தா ஃபிராங்கிளின் 1972 சனவரியில் இரண்டு இரவுகள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாப்திஸ்து கோவிலொன்றில் நற்செய்திப் பாடல்களைப் பாடினார். போதகர் ஒருவரின் மகளான அவர், சிறுமியாய்ப் பாடி வளர்ந்த இசைக்குத் திரும்பிய இரவுகள் அவை. இசைத்தட்டு அவ்வாண்டே வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் உடன் எடுத்த திரைப்படம் வெளிவரவில்லை. இயக்குநர் சிட்னி போலாக் காட்சி தொடங்குமிடத்தில் கட்டை தட்டும் எளிய வேலையைச் செய்ய மறந்துவிட்டதால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமற்போனது. பிற்காலத்தில் கணினி உதவியால் பொருத்தினார்கள். அப்போது பாடகியே வழக்குத் தொடுத்து 2011இலும் 2015இலும் தடுத்தார். 2018 ஆகஸ்டில் அவர் இறந்தார். குடும்பத்தார் இசைந்தனர், அவ்வாண்டு நவம்பரில் படம் திரைக்கு வந்தது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அந்தக் கண்ணீர் அவருடைய மறுப்பை இல்லாததாக்கிவிடுமா? ஆக்காது என்பதே நம் கருத்து. உயிரோடிருப்பவரின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் மடியக் காத்திருப்பது போன்ற ஒரு நிலை, எவ்வளவு நல்ல படமாயினும், மனத்தை உறுத்துகிறது. அதே வேளையில், இறந்தவரின் விருப்பம் என்றென்றைக்கும் கட்டும் என்றும் நாம் சொல்லத் துணியவில்லை. அவரைப் புண்படுத்தக்கூடியது எது என்று அறிந்த மக்களும் மாணாக்கரும் கூடி, அவர் பெயருக்கு ஊறில்லை என்று கண்டு இசைந்தால், அது வேறு. இராஜபாளையத்து அன்பர்களில் ஒருவர் இதற்கு ஒப்பவில்லை, "இறந்தவர் திரும்பி வந்து மறுக்க மாட்டார் என்ற துணிவில்தானே இசைகிறோம்?" என்றார். அவருக்கு நம்மால் முழு விடை சொல்ல இயலவில்லை.

பீரோவில் பூட்டியவரின் நிலை இதினும் வேறு. அவர் பாடவில்லை. பாடியவர் அவரைக் கேட்டுக்கொண்டதாகவும் சான்றில்லை. காய்ச்சலோடு பாடியது குறைவு என்று கருதுவது அவரே. குரல் உடைந்த இடத்திலிருந்து ஒரு வித்துவான் எப்படி மீண்டு வந்தார் என்பதைக் கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துமா? இசை பயிலும் மாணவனுக்கு அதைவிடப் பெரிய பாடம் ஏது? உண்மையில் அவ்வீட்டார் காப்பது வித்துவானின் பெயரையா, 'எங்களிடம் மட்டுமே உள்ளது' என்ற பெருமையையா என்பதை அவர்கள் மனச்சான்றுதான் அறியும். தானும் கேளாமல், பிறரையும் கேட்கவிடாமல் நாடாவை மக்கவிடுபவருக்கு அதன்மீது யாதோர் உரிமையும் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். ஒரு பிரதியாவது எடுத்து நம்பகமான காப்பகத்தில் வைத்து, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திறக்கலாம் என்று எழுதிக் கொடுக்கலாமே!

வெளியிடுபவருக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பீட்டில்ஸ் குழுவினர் 1964இலும் 1965இலும் ஹாலிவுட் பவுல் என்னும் திறந்தவெளி அரங்கில் பாடிய பதிவுகள், இரசிகைகளின் ஓயாத அலறல் காரணமாகவே 1977 வரை வெளிவரவில்லை. 2016இல் புதிய நுட்பத்தால் அலறலைத் தணித்துப் பாட்டை முன்னுக்குக் கொணர்ந்து மீண்டும் வெளியிட்டார்கள். பாட்டு தெளிவாயிற்று, ஐயமில்லை. ஆனால் அன்று அரங்கில் எவரும் அதை அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லையே! நம் பழைய நாடாக்களில் குழந்தை அழும், யாரோ இருமுவார், மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பார், முன்வரிசையிலிருந்து 'பேஷ்' கேட்கும். இவற்றைத் துடைத்தெறிய வேண்டும் என்ற துடிப்பு இளைஞர்களுக்கு உண்டு. இரைச்சல் வேறு, கூடியிருந்தோரின் மூச்சு வேறு. முன்னதைத் தணிக்கலாம், பின்னதை அழித்தால் எஞ்சுவது யாருமில்லாத அறையில் பாடிய பாட்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்களுக்கு இந்த நாடாப் பேச்சு முழுவதும் சற்று வேடிக்கையாகத் தோன்றக்கூடும். அவ்வூர்க் கோவிலில் அரையர் சேவை இன்றும் நடைபெறுகிறது. ஆழ்வார் பாசுரங்களைப் பாடியும் அபிநயித்தும் பொருள் விரித்தும் செய்யும் அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வருவது. அங்கே காப்பகம் என்பது ஓர் உடலும் அதன் நினைவும். அப்பாசுரங்களே ஒரு காலத்தில் மறைந்திருந்தன என்பது வைணவ மரபு. நாதமுனிகள் வழிப்போக்கர் சிலர் பாடக் கேட்டு, ஆயிரத்துள் பத்தே இவை என்று அப்பாட்டின் இறுதியிலேயே கண்டு, எஞ்சியவற்றைத் தேடிக் குருகூர்வரை சென்றார் என்பார்கள். பத்தைக் கேட்டவர் ஆயிரத்துக்கு ஏங்கினார். நம் இளைஞர்கள் கள்ளப் பிரதி தேடி அலைவதை இனிமேல் நாம் அவ்வளவு கடுமையாகக் கடிந்துகொள்ள முடியாது போலிருக்கிறது.

பழைய நாடாக்களில் ஒரு விந்தை உண்டு. சுருளாக நெடுங்காலம் கிடக்கும்போது ஓர் அடுக்கின் காந்தப்பதிவு அடுத்த அடுக்கில் மெல்லப் படிந்துவிடுகிறது. அதனால் பாட்டு தொடங்கும் முன்னுள்ள அமைதியில், வரப்போகும் குரல் மிக மெலிதாக, எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஒருமுறை ஒலித்து அடங்கும். பதிவு செய்த அன்று அது அங்கே இல்லை. காத்திருந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. ஒலிப் பொறியாளர்கள் அதைக் குறை என்று நீக்கிவிடுகிறார்கள். மணி ஐயர் நாடாக்களில் அதைக் கேட்டுப் பழகிய முதியவர் ஒருவர், குறுந்தகட்டில் அது இல்லையே என்று நம்மிடம் வருந்தினார்.