மரியாதை யாருக்கு?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது!" பெரியவர்கள் இருவர் சந்திக்கும் இடமெல்லாம் இன்று கேட்கின்ற முறைப்பாடு இது. பஸ்ஸில் முதியவர் தள்ளாடி நிற்க, இளைஞன் கைத்தொலைபேசியில் கண்பதித்து இருக்கின்றான். வரிசையில் நிற்பவர்களை விலக்கிக்கொண்டு முன்னே செல்பவன் கெட்டிக்காரன் எனப்படுகின்றான். முறைப்பாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அன்பான வாசகரே, மரியாதை குறைந்துவிட்டது என்று கவலைப்படும் நாம், முன்னர் அது யாருக்குக் கிடைத்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

யாழ்ப்பாணத் தமிழில் ஒருவரை முன்னிலைப்படுத்திப் பேச மூன்று சொற்கள் உண்டு: நீ, நீர், நீங்கள். இவற்றை ஆளறிந்து வழங்கத் தெரிந்தவரே பண்புள்ளவர் எனப்பட்டார். ஆனால் தலை நரைத்த தொழிலாளியைப் பள்ளிச் சிறுவன் பெயர் சொல்லி "நீ" என்று அழைத்ததும் அதே காலத்தில்தான். தேநீர்க் கடையில் சிலருக்கு வேறு பாத்திரத்தில் தேநீர் வார்த்ததும் அப்போதுதான். இக்கொடுமைகளைத் தடுக்க 1957இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1960களின் பிற்பகுதியில், தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மக்கள் போராட வேண்டியிருந்தது. அன்று நாம் மரியாதை என்று போற்றியதில் ஒரு பகுதி, ஆளின் தராதரத்துக்குச் செலுத்திய வணக்கமே.

அப்படியானால் பழைய வழக்கங்கள் போனதே நல்லது என்று விட்டுவிடலாமா? அதுவும் தவறு. எல்லாரும் சமம் என்றால், "நீ" என்று அழைக்கப்பட்டவரையும் "நீங்கள்" என்று அழைக்க நாம் பழகியிருக்க வேண்டும். நாமோ எல்லாரையும் "நீ" என்று அழைப்பதையே சமத்துவம் என எண்ணிவிட்டோம். சட்டம் கடைக் கதவைத் திறந்துவிடலாம். நாவைத் திருத்தும் பொறுப்பு நம்முடையது.

அண்மையில் ஒரு வைத்தியசாலையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வயோதிபத் தாய், கசங்கிய கிளினிக் கொப்பியை நீட்டினார். "அங்காலை போய் நில்லணை!" என்று சீறினார் ஊழியர். அடுத்து, நீளக் காற்சட்டை அணிந்திருந்த என்னைப் பார்த்து, "சேர், இதிலை இருங்கோ" என்றார். நான் இருந்தேன். அந்தத் தாய் சுவரைப் பிடித்தபடி நின்றார். என் அலுவலும் விரைவில் முடிந்தது. வீடு திரும்பும் வழியில்தான் மனம் உறுத்தியது. ஊழியரின் நாவை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தாய்க்கு உரிய இருக்கையையும் முறையையும் நான் வாய் திறவாமல் பெற்றுக்கொண்டேன். "அம்மா, நீங்கள் இருங்கோ" என்று சொல்ல ஒரு நிமிடங்கூடப் பிடித்திராது.

நல்ல பழக்கம் வெறும் மேற்பூச்சு அல்ல. நமக்கு எந்த நன்மையும் செய்ய இயலாத ஒருவருக்கும் அவருக்குரிய இடத்தை விட்டுக்கொடுப்பதே அது. ஆகவே அது நீதியின் ஒரு சிறு பங்கு.

உங்கள் பிள்ளை அதிபருடன் எவ்வாறு பேசுகின்றது என்பதை வைத்து அதன் பண்பை அளக்காதீர்கள். வளவு துப்புரவாக்க வருபவருடன் எவ்வாறு பேசுகின்றது என்று கவனியுங்கள். அங்கே கேட்பது பெரும்பாலும் உங்கள் குரலாகவே இருக்கும். நாளை காலை மீன் விற்பவர் படலையில் வந்து கூப்பிடும்போது, அவரை "நீங்கள்" என்று அழைத்துப் பேசுங்கள். பிள்ளை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.