பாட்டு அவனுடையது என்றால் புத்தகம் யாருடையது?

1860 டிசம்பர் கடைசியில், வடலூருக்குப் பக்கத்திலுள்ள கருங்குழியிலிருந்து சென்னைக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் இராமலிங்க அடிகள். பெற்றவர் இறுக்கம் இரத்தின முதலியார். அடிகளின் பாடல்கள் தபாலில் வந்து சேரும்வரை நாளுக்கு ஒரு வேளைதான் உண்பது என்று முதலியார் உறுதி பூண்டிருந்தார். அந்தச் செய்தி எட்டியதும் அடிகளுக்கு மனம் தாங்கவில்லை. பாடல்களை அனுப்ப இசைந்து, சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிறர் பசியைப் பொறுக்காதவரிடம் பசியையே விண்ணப்பமாக வைத்தால் அவர் வேறென்ன செய்வார்?

அந்தப் பாடல்கள் திருவருட்பாவாக அச்சேற ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1867 பிப்ரவரியில் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் வெளிவந்தன. பின்னால் நின்றவர்கள் சிலர். அன்பர்கள் வீடுகளில் சிதறிக் கிடந்த பாடல்களை விடாமல் கேட்டு வாங்கியவர் இரத்தின முதலியார். வகுத்துத் தொகுத்துப் பதிப்பித்தவர் தலைமாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். செல்வராய முதலியார் துணை நின்றார். அச்சுச் செலவை மயிலை சோமசுந்தர செட்டியார் ஏற்றார். பெரிய பதிப்பகம் எதுவும் இல்லாமல், பாடியவரைச் சுற்றியிருந்தவர்களே கொண்டுவந்த புத்தகம் இது.

அடிகளுக்கு அச்சு புதிதல்ல. ‘ஒழிவிலொடுக்கம்’ நூலை 1851-இலும், ‘சின்மய தீபிகை’யை 1857-இலும் அவரே பதிப்பித்திருக்கிறார். இடையில் 1854-இல் அவருடைய உரைநடை நூலான ‘மனுமுறை கண்ட வாசகம்’ வந்தது. ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பதும் பிழை திருத்துவதும் கைவந்த ஒருவர், தம் பாடல்கள் என்று வரும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டார். இதைத் தன்னடக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது போதாது என்று தோன்றுகிறது. உள்ளே ஒரு சமயக் கேள்வி இருக்கிறது.

சைவ மரபில் அருளால் பிறந்த பாட்டு பாடுகிறவரின் உடைமை ஆகாது. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லச் சிவபெருமானே அந்தணராக வந்து திருவாசகத்தை எழுதிக்கொண்டார், ஏட்டில் கைச்சாத்திட்டுத் தில்லையில் வைத்தார் என்பது மரபுக் கதை. எழுதித் தரும் துணையாகக் கடவுளே வந்துவிடுகிறார். தேவாரத்தின் கதை வேறு. தில்லையில் பூட்டிய அறைக்குள் ஏடுகளைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது; சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த்தான் மிஞ்சியதை மீட்டார்கள் என்கிறது மரபு. அருளே ஆனாலும் ஓலை ஓலைதான், அதைக் காக்க ஆள் வேண்டும் என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது.

இந்த இரண்டு கதைகளையும் கருங்குழிக்காரரும் சென்னைக்காரரும் அறிந்தே இருந்திருப்பார்கள். இருவரும் கிளம்பிய இடம் ஒன்றுதான்: பாட்டு இறைவனுடையது. சேர்ந்த இடங்கள் எதிரெதிர். அடிகளின் பக்கம் நின்று பார்த்தால், என்னுடையதல்லாத ஒன்றை என் பெயரில் புத்தகமாக்கி ஊருக்குள் உலவவிட எனக்கு உரிமை ஏது? இரத்தின முதலியாரின் பக்கம் நின்றால், உம்முடையதல்லாத ஒன்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க உமக்கு உரிமை ஏது? இரண்டில் எதையும் தள்ள முடியவில்லை. ஆனாலும் ஒரு வேளைச் சோற்றை விட்ட மனிதரின் கேள்வி இன்னும் கனமானது என்றே சொல்ல வேண்டும். அவர் தமக்காக எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டிராவிட்டால் அந்தப் பாடல்களும் கரையான் வாய்க்குப் போயிருக்கலாம்.

பெயர் விஷயத்தில் நடந்தது இவ்வளவு தெளிவானதல்ல. ‘இராமலிங்கசாமி’ என்று தம்மை வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, ஆரவாரமாகப் படுகிறது என்று அடிகள் கடிதத்தில் எழுதியிருந்தார். தம் கையெழுத்தைச் ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்றே போடுவார். அன்பர்கள் அதற்கு இணங்கி ‘சாமி’யை விட்டார்கள். ஆனால் வேலாயுத முதலியார் ஆசிரியருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று பெயர் சூட்டினார். பாடல்களுக்குத் ‘திருவருட்பா’ என்றும், பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும் பெயர் வைத்தார். பன்னிரு திருமுறைகளுக்கு மட்டுமே உரியதாகச் சைவர்கள் போற்றிய சொல் அது.

புத்தகத்துக்குத் துணை நிற்பவர்கள் வழக்கமாகக் கடக்கும் எல்லை இது. தொகுக்கலாம், திருத்தலாம், பணம் போடலாம், அவையெல்லாம் தொண்டு. நூல் இன்ன தரத்தது என்று அதன் நெற்றியிலேயே எழுதுவது தீர்ப்பு. வேலாயுத முதலியார் அதை அன்பால் செய்தார், முழுமனதோடு நம்பிச் செய்தார். நம்பியதை எழுதியது தவறா? தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தவர், தமக்கு அடைமொழியே வேண்டாம் என்ற மனிதர்.

எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1849-இலேயே சொந்த அச்சுக்கூடம் வைத்துச் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்த ஆறுமுக நாவலர். தேவார திருவாசகங்களே அருட்பா. நேற்றுப் பாடியவை கோயில்களில் அவற்றின் இடத்தில் ஓதப்படுவதா என்பது அவர் தரப்பின் வாதம். 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை விவகாரம் போயிற்று. அருட்பாவா இல்லையா என்று தீர்க்கப் போட்ட வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சிதம்பரத்தில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்பதே நாவலரின் புகார். நூலைப் பற்றிய சண்டை துண்டுப் பிரசுரங்களிலும் மேடைகளிலும் நடந்தது. அடிகளும் நாவலரும் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலர் தரப்பில் கதிரைவேற்பிள்ளை வாதிட்டார். அருட்பாவுக்காக மறைமலையடிகள் பேசினார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியத் தமிழறிஞரும் பேசினார்.

நாவலரின் கேள்வியும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. பாட்டு இறைவனுடையது என்றால் அதற்குச் சாட்சி யார்? பாடியவர் தாமே சொல்லிக்கொள்ள முடியாது. உடனிருந்த மாணவர் சொன்னால் அது அன்பின் சாட்சி, அவ்வளவுதான். காலம் காலமாக ஓதிவந்த கூட்டத்தின் சாட்சியே நாவலருக்குப் போதுமானதாக இருந்தது. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் முதல்முறை பாடப்பட்ட நாளில் சம்பந்தர் பதிகத்துக்கும் அந்தச் சாட்சி கிடையாது. அன்று கேட்டவர்களும் உடனிருந்த அன்பர்கள்தாம்.

1874 ஜனவரி 30 அன்று அடிகள் மேட்டுக்குப்பத்து அறைக்குள் சென்றார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எதை அச்சிடலாம், எதை வைத்திருக்கலாம் என்று கேட்க ஆளில்லை. ஐந்தாம் திருமுறையை 1880-இல் வேலாயுத முதலியார் கொண்டுவந்தார். சாதியையும் சமயப் பிணக்குகளையும் வெளிப்படையாக மறுக்கும் பாடல்கள் நிறைந்த ஆறாம் திருமுறையை அவர் பதிப்பிக்கவில்லை. 1885-இல் வேறு அன்பர்கள் பதிப்பித்தார்கள். வெளியிடச் சொல்லி இரத்தின முதலியார் ஒரு காலத்தில் ஆசிரியரிடம் மன்றாடினார்; இப்போது அதே கேள்வி அன்பர்களுக்குள்ளேயே வந்து நின்றது. சன்மார்க்க சங்கங்களில் இன்று அன்றாடம் ஓதப்படும், 1872-இல் அடிகள் தம் கைப்பட எழுதிய அருட்பெருஞ்ஜோதி அகவல், அந்த ஆறாவதில்தான் இருக்கிறது.